டார்க்கீயில் அகதா கிறிஸ்டி விழா: போய்வர ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் கடற்கரையில் இருக்கும் டார்க்கீ ஊரில் செப்டம்பர் மாதம் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டிக்கு விழா எடுக்கிறார்கள். அவர் பிறந்தது இந்த ஊரில்தான், 1890 செப்டம்பர் 15 அன்று. அந்தத் தேதியை ஒட்டிய நாட்களில் விழா நடக்கும். நான் டெவனில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். விழாவுக்கு வர ஆசைப்படும் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருவதற்கு முன்னால் ஒரு நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். பேச்சு, நாடகம், நடைப்பயணம், கொலையாளியைக் கண்டுபிடிக்கும் விருந்து என்று விழாவில் எல்லாம் உண்டு. ஆனால் கதையில் வந்த இடத்தில் போய் நிற்கும்போது கிடைக்கும் சந்தோஷம் எந்த அரங்கத்திலும் கிடைக்காது. எதைப் படிப்பது என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது மூன்று. ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ அவருடைய முதல் நாவல், அவருடைய புகழ்பெற்ற துப்பறிவாளர் பாய்ரோ அறிமுகமாவது அதில்தான். ‘தி ஏபிசி மர்டர்ஸ்’ பக்கத்து ஊரான சர்ஸ்டனுக்கு வருகிறது. ‘டெட் மேன்ஸ் ஃபாலி’ படித்தவர்களுக்கு அகதாவின் விடுமுறை வீடான கிரீன்வேயின் தோட்டம் முன்பே பழகிய இடம்போல இருக்கும். நேரம் குறைவாக இருந்தால் முதலாவதை மட்டும் படியுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

லண்டனிலிருந்து வருவது எளிது. பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். சில ரயில்கள் நேரே டார்க்கீ வரும். மற்றவற்றில் நியூட்டன் ஆபட்டில் இறங்கி மாற வேண்டியிருக்கும். மொத்தம் மூன்று மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும். இருவராக வந்தால் ‘டூ டுகெதர்’ ரயில் அட்டையால் வார நாட்களின் காலை நெரிசல் நேரம் தவிர மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும். இருக்கையைப் பதிவு செய்யும்போது, ரயில் போகும் திசைக்கு இடதுபக்க ஜன்னலாகக் கேளுங்கள். எக்சிட்டர் தாண்டியதும் முதலில் எக்ஸ் ஆற்று முகத்துவாரம் வரும், அப்புறம் டாலிஷில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். 2014 பிப்ரவரி புயலில் அங்கே கடற்சுவர் இடிந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஏப்ரலில்தான் மறுபடி ரயில் ஓடியது. அந்த இடம் வரும்போது தூங்கிவிடாதீர்கள்.

இறங்குமிடத்தில் கவனம் தேவை. டார்க்கீக்கு ஒரு நிறுத்தம் முன்னால் ‘டோர்’ என்று ஒரு நிலையம் வரும். விழாவின் முக்கிய இடமான டோர் ஆபி என்ற பழைய மடாலயத்துக்கு அதுதான் பக்கம் என்று நினைத்துப் பலர் இறங்கிவிடுகிறார்கள். இறங்காதீர்கள். டார்க்கீ நிலையத்திலிருந்து கடலோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் டோர் ஆபி வந்துவிடும், பாதையும் சமதளம்.

தங்குமிடம் பற்றி ஒரே விஷயம்தான். ஊர் முழுக்க மேடு. வரைபடத்தில் கடலுக்கு ஐந்நூறு மீட்டர் என்று இருக்கும் விடுதி, திரும்பி வரும்போது செங்குத்தான ஏற்றமாக இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களோடு வந்தால் கடற்கரைச் சாலையிலேயே அறை எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. விழா நாட்களில் அறைகள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் முதலில் அறை, பிறகு ரயில், கடைசியில் நிகழ்ச்சி டிக்கெட் என்ற வரிசை நல்லது. நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்பேன். விருந்து நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் பலர் 1920கள், 30கள் காலத்து உடையில் வருவார்கள். அதற்காகத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். நல்ல பட்டுப்புடவையும் ஒரு முத்துமாலையும் அந்தக் கூட்டத்தில் அழகாகப் பொருந்தும். பகலில் சுற்றும்போது மட்டும் மழைக்கோட்டும், வழுக்காத காலணியும் கட்டாயம்.

சரி, ஊரைச் சுற்றுவோம். நிலையத்தின் பக்கத்திலேயே கிராண்ட் ஹோட்டல். 1914 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிரிஸ்டலில் ஆர்ச்சி கிறிஸ்டியைத் திருமணம் செய்துகொண்டு, அன்றிரவு அகதா வந்து தங்கியது இங்கேதான். போர்க்காலம் என்பதால் தேனிலவே அவ்வளவுதான். இங்கிருந்து துறைமுகம் வழியாக இம்பீரியல் ஹோட்டல் வரைக்கும் கடலோரமாக ‘அகதா கிறிஸ்டி மைல்’ என்று பாதை குறித்திருக்கிறார்கள். வழியில் பிரின்சஸ் கார்டன்ஸ் பூங்கா, துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை, சிறு வயதில் அவர் நீந்தும்போது மூழ்கப்பார்த்த பீக்கன் கோவ் எல்லாம் வரும். பூங்காவில் நிற்பவை பனை வகை மரங்கள் என்று தோன்றும். உண்மையில் அவை நியூசிலாந்திலிருந்து வந்த கார்டிலைன் மரங்கள். அவர் பிறந்த ஆஷ்ஃபீல்ட் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். 1960களில் இடித்துவிட்டார்கள், பார்ட்டன் சாலையில் நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது.

கடலோரப் பாதையோடு முடித்துக்கொள்ளாமல், யூனியன் தெரு வழியாக மேலே ஏறி டவுன் ஹாலுக்குப் போங்கள். வழக்கமாகச் சுற்றுலா வருபவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஊரிலேயே முக்கியமான இடம் இதுதான். முதல் உலகப்போரில் இந்தக் கட்டடம் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையாக இருந்தது. அகதா முதலில் செவிலியராகவும் பிறகு மருந்தகத்திலும் வேலை பார்த்தார். மருந்துகளையும் நஞ்சுகளையும் முறையாகப் படித்து 1917இல் அதற்கான தேர்வை எழுதித் தேறினார். மருந்தகத்தில் வேலை குறைவாக இருந்த பொழுதுகளில்தான் துப்பறியும் கதை எழுதும் யோசனை வந்தது என்று தன் சுயசரிதையில் சொல்கிறார். அதே சமயத்தில் ஊருக்கு வந்திருந்த பெல்ஜிய அகதிகளைப் பார்த்துத்தான் பாய்ரோ பெல்ஜியரானார்.

அவருக்குப் பாடம் சொல்லித் தந்த ஒரு மருந்தாளர் பற்றியும் சுயசரிதையில் வருகிறது. அந்த மனிதர் ஒருநாள் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு, மருந்தைப் பத்து மடங்கு வீரியத்தில் கலந்துவிட்டார். பெரியவரை நேரடியாகத் திருத்த அகதாவுக்குத் தயக்கம். அதற்காக மருந்தை வெளியே அனுப்பவும் மனமில்லை. தவறிப்போய்த் தட்டிவிட்டதுபோலக் கீழே தள்ளி, காலாலும் மிதித்துவிட்டார். தினமும் அளவு சரிபார்க்கும் வேலையில் இருக்கும் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் அவர்மேல் மதிப்பு கூடுகிறது. அதே மனிதர் சட்டைப்பையில் கியூராரே என்ற கொடிய நஞ்சை வைத்துக்கொண்டு திரிந்தாராம், கையில் அதிகாரம் இருப்பதுபோலத் தோன்றும் என்பதற்காக. 1961இல் வந்த ‘தி பேல் ஹார்ஸ்’ எழுதும்போது அவருடைய நினைவு வந்ததாக அகதா சொல்கிறார். அந்த நாவலில் தாலியம் நஞ்சின் அறிகுறிகள் அத்தனை துல்லியமாக இருக்கும். 1977இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் கண்டுபிடிக்க முடியாத நோயோடு இருந்த ஒரு குழந்தைக்குத் தாலியம் தாக்கியிருக்கலாம் என்று, இதைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் சொல்லி, குழந்தை பிழைத்தது.

முதல் நாவலைப் படித்துவிட்டு வரச் சொன்னது இதற்காகத்தான். கொலை எப்படி நடந்தது என்று சொல்லமாட்டேன். மருந்தகத்தில் நின்று பழகியவரால் மட்டுமே யோசிக்க முடிகிற வழி அது. அன்றைக்கே மருந்தாளர்களின் ஏடான ‘ஃபார்மசூட்டிகல் ஜர்னல்’, நஞ்சைச் சரியாக எழுதியிருக்கிறார் என்று பாராட்டியது.

இந்த நஞ்சுக் கதையின் தொடர்ச்சியாக டோர் ஆபி தோட்டத்துக்குப் போகலாம். அவருடைய கதைகளில் வரும் நச்சுச் செடிகளுக்கும் மருந்துச் செடிகளுக்கும் அங்கே தனிப் பாத்திகள் வைத்திருக்கிறார்கள். ஃபாக்ஸ்குளோவ் என்ற செடி செப்டம்பரில் பூத்து முடிந்திருக்கும், இலைகளைத்தான் பார்க்கலாம். இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வரும் டிகாக்சின் என்ற மருந்தை இதய நோயாளிகளுக்கு இன்றைக்கும் கொடுக்கிறோம். அளவு கொஞ்சம் கூடினால் அதுவே ஆபத்து. குழந்தைகளைக் கூட்டிப்போனால் எதையும் தொடவிடாதீர்கள். பாப்பகூம் சாலையில் உள்ள டார்க்கீ அருங்காட்சியகத்தில் கிறிஸ்டிக்குத் தனிக் கூடம் இருக்கிறது, மழை நாளுக்கு ஏற்றது. தொலைக்காட்சித் தொடரில் பயன்படுத்திய பாய்ரோவின் அறைச் சாமான்களும் அங்கே இருக்கின்றன.

கிரீன்வேக்கு முழுநாள் ஒதுக்குங்கள். 1938இல் அகதா 6,000 பவுண்டுக்கு வாங்கிய விடுமுறை வீடு, டார்ட் ஆற்றின் மேலே இருக்கிறது. இப்போது பழைமையான இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. பெய்ன்டனிலிருந்து நீராவி ரயிலில் ஏறி, கிரீன்வே ஹால்ட்டில் இறங்க வேண்டும் என்று முன்பே கார்டிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வண்டி நிற்காது. அங்கிருந்து காட்டுப் பாதையில் அரைமணி நேர நடை, ஏற்ற இறக்கத்தோடு. டார்ட்மத்திலிருந்து படகிலும் வரலாம், ஆனால் படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு நல்ல ஏற்றம். என் பெரியம்மாவை நான் காரில்தான் கூட்டிப்போனேன். கார் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்யாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

வீட்டுக்குள் நூலக அறையை நிதானமாகப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையினர் இங்கே தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுவரின் மேற்பகுதி முழுக்கப் போர்க்காட்சிகளை வரைந்தார். வீட்டைத் திருப்பித் தரும்போது அதை அழித்துத் தருகிறோம் என்றபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று அகதா சொல்லிவிட்டார். வாடகை நூலகத்தில் எடுத்து அவர் கதைகளைப் படித்து வளர்ந்த பெரியம்மா, தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தபடி, “இப்படி ஒரு எடத்துல இருந்துக்கிட்டா இந்த அம்மா அத்தன கொலையும் யோசிச்சாங்க?” என்று கேட்டார். ‘டெட் மேன்ஸ் ஃபாலி’யில் பிணம் கிடக்கும் படகுக் கொட்டகை அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கிறது. இறங்கும் பாதை செங்குத்து, அதனால் பெரியம்மாவை மேலேயே உட்காரவைத்துவிட்டுப் படம் எடுத்துவந்து காட்டினேன்.

இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தால் கடலோர ஊரான பிக்பரிக்குப் போய் பர்க் தீவைப் பாருங்கள். ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலுக்கும் ‘ஈவில் அண்டர் தி சன்’ நாவலுக்கும் யோசனை தந்த தீவு. கடல் வற்றியிருக்கும்போது மணலில் நடந்தே கடக்கலாம். தண்ணீர் ஏறிவிட்டால் உயரமான சக்கரங்கள் வைத்த கடல் டிராக்டரில்தான் போகவேண்டும். பேருந்தை நம்பாமல் கார் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஏற்ற, வற்ற நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துக் குறித்துக்கொண்டு, தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்குவதற்கு முன்னால் கரைக்கு வந்துவிடுங்கள்.