முடியாத பட்டியல்: எங்கே இடித்தது என்று கண்டுபிடித்த கதை

மூன்று வாரமாக ஒரே கூத்து. காலையில் 11 வேலை எழுதுவேன். இரவில் பார்த்தால் 5 கூடத் தேறாது. மீதியெல்லாம் மறுநாள் தலையில் ஏறும்.

முதலில் செயலியை மாற்றினேன். பிறகு அலாரத்தை 5 மணிக்கு இழுத்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். கடைசியில் ஆசையே வேண்டாம் என்று பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அந்த நான்கு நாளில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு தாளில் நினைத்த நேரம், ஆன நேரம் இரண்டையும் குறித்தேன். ஒரு கடிதத்துக்கு 20 நிமிடம் போட்டிருந்தேன், ஆனது 50. வேடிக்கை என்னவென்றால், எழுதியது 22 நிமிடம்தான். பழைய கோப்பைத் தேடியது, நடுவில் வந்த போன், எந்த வரியில் விட்டோம் என்று துழாவியது, எல்லாம் சேர்ந்து மீதி. ஆகும் நேரத்தை இப்படிக் குறைத்துப் போடுவதற்கு, உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே ‘திட்டமிடல் பிழை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நினைத்த நேரத்தை இரண்டரையால் பெருக்கித்தான் எழுதுகிறேன். 11 வேலை 4 ஆனது. புத்தகம் எழுதும் ஆசையில் மட்டும் கை வைக்கவில்லை. தினம் அரைப் பக்கம், அதுதான் முதல் வேலை. ஒன்பது நாளாகப் பட்டியல் முடிகிறது, அப்பாடா! நேற்று மட்டும் 3. போனை அணைக்க மறந்துவிட்டேன்.