"என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள்

கொடுமையான ஒன்றில் மாட்டித் தப்பி வந்து, வருடங்கள் ஆகியும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறவருக்கு, அதே மாதிரி விழித்திருக்கும் இன்னொருவர் போனில் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் தங்களுக்குள் இப்படிக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள், அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்தப் பாதிப்புக்குப் பி.டி.எஸ்.டி. (கொடுமையான அனுபவத்துக்குப் பிறகும் நீடிக்கும் மனப் பாதிப்பு) என்று பெயர் வைத்துத் தங்கள் நோய்க் கையேட்டில் சேர்த்தது 1980-இல்தான். ஈழத்தில் மனவடு என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.

அதனால் மனவடு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக வாட்ஸ்அப் குழு நடத்துவது நல்ல விஷயம்தான். ஆனால் முதல் நாளே ஒரு தவறு நடக்கிறது. புதிதாக வந்தவரிடம் "என்ன நடந்துச்சு, மனசு விட்டுச் சொல்லுங்க, பாரம் இறங்கும்" என்று கேட்கிறோம். அவரும் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். அப்புறம் அன்று ராத்திரி அவருக்கும் தூக்கம் இல்லை, படித்த பத்துப் பேருக்கும் இல்லை. சிகிச்சையிலும் நடந்ததைச் சொல்ல வைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் எதிரில் இருக்கிறார், பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, உடம்பு பதறினால் நிறுத்தி, மூச்சை நிதானப்படுத்தி, மறுபடி தொடங்குகிறார்கள். ராத்திரி 2 மணிக்குத் தனியறையில் டைப் செய்வது அது ஆகாது. பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைப்பதையே உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது. குழுவில் கேட்க வேண்டியது வேறு: நேற்று தூங்கினீர்களா, தீபாவளி வெடிச்சத்தத்தை எப்படிச் சமாளித்தீர்கள், அந்த ரூட் பஸ்ஸில் மறுபடி ஏற முடிந்ததா.

வாய்ஸ் நோட் இன்னொரு சிக்கல். எழுத்தென்றால் இரண்டு வரியில் தாண்டிவிடலாம், குரலில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமலே கேட்டு முடித்துவிடுவோம். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். படங்கள் அதைவிட மோசம். மே மாதம் வந்தால் முள்ளிவாய்க்கால் படங்களும், டிசம்பர் 26 நெருங்கினால் சுனாமிப் படங்களும் ஃபார்வர்டில் வரும், அனுப்புகிறவர் நினைவுகூரத்தான் அனுப்புகிறார், ஆனால் அங்கே நின்றவரின் போன் கேலரியில் அது தானாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள், குழுவில் படமே கூடாது என்று வைத்தாலும் தப்பில்லை.

வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் எல்லோர் கண்ணிலும் படும் என்பதையும் யோசியுங்கள். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எண்ணை மறைக்க வழியுள்ள டெலிகிராம் அவர்களுக்குப் பரவாயில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே காட்டியவரை ஒரே தடவையில் நீக்கிவிடுங்கள், இதில் இரக்கம் வேண்டாம்.

"போரையே பார்த்தவங்க இருக்காங்க, உங்களுக்கு வெறும் பைக் விபத்துதானே" என்கிற பேச்சை உடனே நிறுத்துங்கள். மாத்திரைப் பெயர் பரிமாறுவதையும்தான். ஒருவருக்குத் தூக்கம் தந்த மாத்திரை இன்னொருவருக்குப் பழக்கமாகிவிடலாம். "எனக்குச் சரியாயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்று ஒருவர் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் செர்ட்ராலின் என்ற மனநல மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோவார்.

சாக வேண்டும் என்று யாராவது எழுதினால் விடிய விடிய நீங்கள் ஒருவரே பேசித் தாங்கப் பார்க்காதீர்கள். இன்னும் ஒருவரை எழுப்புங்கள். மனநல உதவி எண் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926. அவரால் அழைக்க முடியாவிட்டால் நீங்கள் அழைத்து என்ன செய்யலாம் என்று கேளுங்கள், வீட்டில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று அவரிடமே விசாரியுங்கள். இதற்காகவே குழுவில் சேரும்போது ஒவ்வொருவரிடமும் நெருங்கியவர் ஒருவரின் எண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.