புளொக் கல் சுவரில் மெல்லிய செங்கல் ஒட்டும் முறை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முன்சுவர் புளொக் கல்லால் கட்டிப் பூசியது. அதன்மேல் முக்கால் அங்குலச் செங்கல் ஒட்டினோம். மாரி அடித்தும் ஒரு கல் கழலவில்லை. நூல் கட்டுவதும் தூக்குக்குண்டு பார்ப்பதும் மேசனுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் சுவர். பெயின்றுக்கு மேல் ஒட்டவே கூடாது. பசை பெயின்றைப் பிடிக்கும், பெயின்ற் சுவரை விடும். சுரண்டிவிட்டுப் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் உடைத்துப் புதிதாகப் பூசிக் காயவிடுங்கள்.

அடிவரிசையை மண்ணிலிருந்து நான்கு அங்குலமாவது, சீமெந்துத் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே தொடங்குங்கள். அமெரிக்கக் கட்டட விதிகளிலும் இதே அளவுதான். முற்றத்தில் வெள்ளம் நிற்கும் வளவென்றால் இன்னும் கூட்டுங்கள்.

பசைக்குப் பதிலாக வெறும் சீமெந்துச் சாந்து வேண்டாம். டைல் ஒட்டும் பசைப் பையில் சி2 எஸ்1 (C2 S1) என்று இருப்பதை வாங்குங்கள், அது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். பத்து மில்லிமீற்றர் பல்லுக் கரண்டிதான் என் தெரிவு. சுவரில் இழுத்து, கல்லின் முதுகிலும் பூசி அழுத்த வேண்டும். பொட்டுப் பொட்டாக வைத்தால் இடையில் தண்ணீர் தங்கும். இடைக்கிடை ஒரு கல்லைப் பிடுங்கி, முதுகு முழுதும் பசை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெயில் சுவரில் வேலை செய்தால் பசை தோல் கட்டிவிடும், நிழலைப் பின்தொடருங்கள்.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம்: அசைவு இடைவெளி. புதிதாய்ச் சுட்ட செங்கல் ஈரம் உறிஞ்சி வருடக்கணக்கில் மெல்லப் பெருக்கும். புளொக் கல்லோ காயக் காயச் சுருங்கும். இரண்டும் எதிரெதிராக இழுக்க, நடுவில் அகப்படுவது பசைதான். அதனால் ஏறத்தாழ பத்தடிக்கு ஒரு நெட்டு இடைவெளி, மாடி வீடென்றால் தளத்துக்கு ஒரு கிடை இடைவெளி விடுங்கள். உள்மூலையிலும், கொங்கிறீற் தூணும் புளொக்கும் சேரும் கோட்டிலும் கட்டாயம் வேண்டும். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு கல்லும் போகக்கூடாது. அழகு கெடுமென்று மேசன்மார் இதைச் சாந்தால் அடைக்கப் பார்ப்பார்கள், பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே நுரைக் கயிறு வைத்து, மேலே பொலியூரத்தேன் பசை நிரப்புங்கள். அது இடைவெளியின் இரு பக்கக் கல்லையும் பிடிக்கலாம், பின்னாலுள்ள சுவரைப் பிடிக்கக்கூடாது. சிலிக்கன் எனக்குப் பிடிக்காது, அதன் எண்ணெய் செங்கல்லில் ஊறிக் கறையாகலாம்.

யன்னலுக்கு வாருங்கள். கல்லும் பசையும் சேர்ந்து சுவர் ஓரங்குலத்துக்கு மேல் தடிக்கும். முன்பு வெளியே நீட்டியிருந்த யன்னல் அடிப்படி இப்போது உள்ளே போய்விடும், சொட்டும் தண்ணீர் நேரே செங்கல்லுக்குப் பின்னால் இறங்கும். ஒட்டுவதற்கு முன்பே படியை நீட்டிச் சரிவு கொடுத்து, அடியில் நீர் சொட்டும் தவாளிப்பு வெட்டுங்கள். வாடைக்காற்று மழையை அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் இது மிக முக்கியம்.

பின்சேர்க்கை: மன்னார் முருங்கன் பக்கத்திலிருந்து ஒருவர் சுவர் வெடிப்புப் பற்றிக் கேட்டிருந்தார். அந்தப் பக்கத்துக் களிமண் மழைக்குப் பொங்கும், கோடைக்குப் பிளக்கும். வெடிப்பு இன்னும் வளர்கிறதென்றால் அத்திவாரத்தைப் பாருங்கள். அதுவரை ஒட்ட வேண்டாம்.

முல்லைத்தீவுக் கரையோரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றவருக்கு: உவர்க் கிணற்றுத் தண்ணீரில் பசையோ சாந்தோ குழைக்காதீர்கள். பூத்ததைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள், அசிட் ஊற்ற வேண்டாம்.