கெட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், கையெழுத்து போடுகிறோம், சண்டையும் போடுகிறோம், பூனைகூட குட்டி போடுகிறது. ஆனால் 'போடு' என்றால் என்னென்ன அர்த்தம் என்று யாராவது மனப்பாடம் செய்தோமா? பக்கத்துச் சொல் காதில் விழுந்ததும் புரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கெட்' (get) அந்த ஜாதி. அகராதியில் அதன் பொருள்களை வரிசையாகப் படித்தால் தலை சுற்றும், அதனால் அதை மூடி வைத்துவிட்டு, கெட்டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. 'ஐ காட் எ லெட்டர்' ('காட்' என்பது கெட்டின் இறந்தகாலம்): கடிதம் வந்தது. 'கெட் சம் மில்க்': பால் வாங்கிட்டு வா. 'ஐ காட் தி ஃப்ளூ' என்றால் காய்ச்சலும் வந்து சேர்ந்துவிட்டது. ஜோக் வந்தால் மட்டும் கதை வேறு, 'ஐ டிட்ன்ட் கெட் தி ஜோக்' என்பவருக்கு ஜோக் புரியவில்லை.

ஆங்ரி, டார்க், ஓல்ட் மாதிரி தன்மையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆவது'. 'ஹி வாஸ் ஆங்ரி' என்றால் கோபமாக இருந்தார், 'ஹி காட் ஆங்ரி' என்றால் அதுவரை சும்மா இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே நம் ஊர்க்காரர்கள் ஒன்று சொல்வோம்: 'ஐ ஆம் கெட்டிங் லேட்'. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும், வெளியே 'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்பதுதான் வழக்கம். பொதுவாக நேரமாகிறது என்றால் 'இட்ஸ் கெட்டிங் லேட்'.

இடம் வந்தால் போய்ச் சேர்வது. 'கெட் டு தி ஸ்டேஷன்' என்பதில் 'டு' வேண்டும், 'கெட் ஹோம்' என்பதில் கூடாது. அவ்வளவுதான்.

இனி வருவதுதான் நாம் அதிகம் தடுக்கி விழுகிற இடம். சலூனுக்குப் போய்விட்டு வந்து 'முடி வெட்டினேன்' என்கிறோம், தமிழில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால் நீங்களே கண்ணாடி முன்னால் கத்தரிக்கோலோடு நின்றதாகத்தான் நினைப்பார்கள். வேறொருவர் செய்துகொடுத்தார் என்றால் கெட், பொருள், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஐ காட் மை ஹேர் கட்'. 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்' என்பதும் அப்படியே, மெக்கானிக் செய்தார், நீங்கள் செய்யவைத்தீர்கள்.

செய்யவைத்த ஆளையும் சொல்ல வேண்டுமா? 'ஐ காட் ஹிம் டு கம்'. பேசிக் கெஞ்சி எப்படியோ வரவைத்தேன் என்ற வாசனை இதில் உண்டு. 'ஐ மேட் ஹிம் கம்' என்றால் கட்டாயப்படுத்தினேன். கெட்டுக்கு 'டு' உண்டு, மேக்குக்கு இல்லை, இதை மாற்றிப் போடுவதுதான் வழக்கமான தவறு.

ஆள், பொருள் எதுவும் நடுவில் இல்லாமல் நேராக மூன்றாம் வடிவம் வந்தால் நம் 'படு' மாதிரி. 'ஹி காட் அரெஸ்டட்': கைது செய்யப்பட்டார். 'காட் மேரீட்' என்பதையும் இதோடு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரோடு என்று சொல்லும்போது 'வித்' வேண்டாம், 'டு' போடுங்கள்.

அமெரிக்கர்கள் கெட்டின் மூன்றாம் வடிவத்தை 'காட்டன்' என்பார்கள், பிரிட்டனில் 'காட்'தான். துணியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சின்னச் சொற்கள். பஸ், ரயில் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்', கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. நம் பஸ்ஸில் நாளெல்லாம் கேட்கும் 'கெட் டவுன்' இந்திய ஆங்கிலம். ஆங்கிலப் படத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே யாராவது 'கெட் டவுன்!' என்று கத்தினால், ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, தரையோடு படுத்துக்கொள்!