பழைய டெக்கைப் புது டிவியில் மாட்டுவது எப்படி?

பரணிலிருந்து வீடியோ கேசட் ஓட்டும் டெக்கை இறக்கிக் கல்யாண கேசட்டைப் போடலாம் என்று பார்த்தால், புது டிவியின் பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளே இருக்காது. இதற்காகப் பழைய டிவியைத் தேடி அலைய வேண்டாம். டெக்கைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்: கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது.

1. முதலில் கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டாதீர்கள், டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

2. டெக்கின் பின்னால் 'அவுட்' என்று போட்ட ஓட்டைகளில் வயரைச் செருகுங்கள். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை ஒலிக்கு. பல டெக்குகளில் சிவப்பே இருக்காது, பரவாயில்லை.

3. இனி டிவி பக்கம். பச்சையும் மஞ்சளும் கலந்த ஓட்டை இருந்தால் மஞ்சள் பின்னை அதிலேயே செருகலாம். 'ஏவி இன்' என்று ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றுதான் இருக்கிறதா? எல்லோரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் மூன்று நிறமும் உள்ள வயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் பிரிக்கும் நான்கு பகுதிகளில் எது படம், எது ஒலி, எது எர்த் என்பது வயருக்கு வயர் மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று இரைந்தால், பட சிக்னல் ஒலிப் பாதையில் போகிறது என்று அர்த்தம். நிறத்தை மறந்துவிட்டு, டெக்கின் வீடியோ அவுட்டில் சிவப்பையோ வெள்ளையையோ செருகிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே படம் வந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் எர்த்தே இடம் மாறியிருக்கிறது, அந்த வயர் உதவாது. டிவியோடு பெட்டியில் வந்த வயர் இருந்தால் அதுதான் உத்தமம்.

4. எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்று கேட்டு வாங்குங்கள். 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்பதும் அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும், வேலைக்கு ஆகாது. பவருக்கு டிவியின் யுஎஸ்பியை நம்பாமல் போன் சார்ஜரில் போடுவேன். 720, 1080 சுவிட்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கேசட்டில் இருப்பது சுமார் 240 கோடுகளின் தெளிவு, எதில் வைத்தாலும் அதுதான்.

5. ரிமோட்டில் சோர்ஸை மாற்றி, படத்தின் அளவை 4:3-இல் வையுங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளை முதல் நாதஸ்வரக்காரர் வரை எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள்.

பின்சேர்க்கை: படம் நடுநடுவே நீலத் திரையாகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டெக்கின் டிராக்கிங் பட்டனைத் தட்டிப் பாருங்கள். தேய்ந்த நாடாவின் தடுமாற்றத்தைப் பழைய குழாய் டிவி சகித்துக்கொள்ளும். புதுசு சிக்னலே இல்லை என்று முடிவுகட்டிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் மட்டும் கறுப்புவெள்ளையாக ஓடினால் டெக்கில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற வீடியோ முறைகளை மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். நம்மூர் கேசட் பால், அங்கே என்டிஎஸ்சி.