பழைய மடிக்கணினியில் புது மென்பொருள்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் மடிக்கணினிகள் எல்லாம் யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தவை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) முடிந்ததிலிருந்து, இதில் புதுசு போட முடியுமா என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பல நேரம் முடியும். ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதல் தவறு, விண்டோஸ் 11-ஐ வம்படியாக ஏற்றுவது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ தேவை. நிறுவும்போது நடக்கும் இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வருமென்ற உறுதி இல்லை. பாதுகாப்புக்காக மாற்றப் போய், அந்தப் பாதுகாப்பையே இழப்பது சரியல்ல.

அடுத்தது, வேகம் இல்லை என்றதும் ரேம் (தற்காலிக நினைவகம்) வாங்க ஓடுவது. கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றுமே செய்யாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டாலே பழைய கணினி வேறு கணினி ஆகிவிடும். 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் அதையும் 8 ஆக்குங்கள்.

லோட் ஷெடிங்கோடு (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) வாழ்ந்த நமக்கு, வேலை பாதியில் இருக்கும்போது மின்சாரம் போகலாம் என்று சொல்லவே வேண்டாம், ஆனாலும் நானே தவறினேன். பேட்டரி செத்த ஒரு கணினியில் பெரிய அப்டேட்டைத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் போனது. கணினி அப்புறம் விண்டோஸுக்குள் போகவே இல்லை. மாணவர் ஒருவரின் கட்டுரைகளை மீட்க இரண்டு நாள் ஆனது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் பாதியில் நின்றால் இதைவிட மோசம், மதர்போர்டே முடங்கலாம். கோப்புகளை முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். மின்வெட்டு அட்டவணை இருக்கும் நாட்களில் அதைப் பார்த்துத் தொடங்குங்கள்.

தமிழ் எழுதுபவர்களுக்கு நேரும் இன்னொரு இழப்பு உண்டு. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கிறது. பழைய பாடத்தாள்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. கணினியை அழித்துப் புதிதாக நிறுவினால் அந்த எழுத்துருவும் போய்விடும். ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். அது கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே அழிப்பதற்கு முன் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்களை நகலெடுங்கள். நேரம் கிடைக்கும்போது எழுத்துரு மாற்றியில் அந்தத் தாள்களை, தனி எழுத்துரு இல்லாமலே தமிழாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, பழைய பிரதியையும் வைத்திருங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு நன்றாகப் பொருந்தும். அதன் இன்றைய பதிப்புகள் 64-பிட் செயலிக்கு மட்டுமே. உடனே நிறுவிவிடாமல், யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி, தமிழ்99 விசைப்பலகை மூன்றும் வேலை செய்த பிறகு நிறுவுங்கள்.