பையைத் தூக்கும் முன் ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குக் கிளம்பும் முன், ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசரிலும் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். வாரச் சமையலில் பாதி அதிலிருந்தே வரவேண்டும். ஏழு நாளுக்கும் திட்டம் போடாதீர்கள், ஐந்து போதும். ஓவர்டைம், உறவினர் வீட்டு அழைப்பு, ‘இன்னிக்கு தாப்பாவ் (கடைச் சாப்பாட்டுப் பொட்டலம்) பண்ணிடலாம்’ என்று இரண்டு நாள் எப்படியும் கழன்றுவிடும். அந்த இரண்டு நாள் காய்தான் குப்பைக்குப் போவது.

கீரையும் கொத்தமல்லியும் முதல் 2 நாளில் தீரட்டும். வெண்டை, பீன்ஸ் நடுவில். முட்டைக்கோஸ், கேரட் கடைசிக்கு. கீரையைக் கழுவி வைத்தால் ஈரத்தில் அழுகும். காகிதத் துண்டில் சுற்றி வைத்து, சமைக்கும்போது கழுவுங்கள்.

காலைப் பசியாறலுக்கு வீட்டில் அரைத்த இட்லி மாவுதான் பெரிய சேமிப்பு. 4 கப் இட்லி அரிசி, 1 கப் உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். இங்குள்ள வெக்கைக்கு 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு 8 மணிக்கே வெளியில் வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் புளித்து வழியும். படுக்கும் நேரத்தில் வையுங்கள், எழுந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். முதலில் இட்லி, பிறகு தோசை. புளிப்பேறிய அடிமாவில் வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் ஊத்தப்பம், அதுதான் ருசியும்கூட.

கோழியை மொத்தமாக உறைய வைக்காதீர்கள். ஒரு வேளைக்கு 300 கிராம் எனப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதுங்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மறுநாள் மாலைக்குள் இளகியிருக்கும். எலும்பு ரசத்துக்கு.

திங்கட்கிழமை ஈரச்சந்தையில் (மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தை) பல கடைகள் மூடியிருக்கும், மீன் வாங்க அன்று போகாதீர்கள்.